எடுத்துக் கொடுக்க ஆளில்லாத கடை

பஞ்சாட்சரத்துக்கு நின்ற இடத்தில் கால் தரிக்கவில்லை. ஒரு காலில் நின்றான், மறு காலுக்கு மாறினான், அலமாரியிலிருந்த சோப்புக் கட்டிகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டான். காலையிலிருந்து வயிற்றில் ஒரு டம்ளர் காப்பியைத் தவிர வேறெதுவும் இறங்கவில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கடையின் பின்கட்டில் கோணிச் சாக்கின் மேல் உட்கார வைக்கப்பட்டிருந்த பாஞ்சாலி. அவள் கத்திக் கூச்சல் போட்டிருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ வாய் திறக்காமல் வாசலைப் பார்ப்பதும், முந்தானையால் மார்பை அழுத்திக்கொள்வதுமாக இருந்தாள்.

"இன்னாம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"கைப்புள்ளய பக்கத்து குடிசைல உட்டுட்டு வந்துகீறேன், நைனா. மத்தியானமே ஆத்தோரம் ஓடி பால் குடுத்துட்டு வந்திருப்பேன். இவுங்க உடல. பால் கட்டிக்கினு உயிர் போவுது."

பஞ்சாட்சரம் திரும்பித் தன் எஜமானரைப் பார்த்தான். துப்பறியும் நிபுணர் ஹபீபுர் ரஹ்மான், திருவல்லிக்கேணிக்காரர், நெடுநெடுவென்று உயரம், துருக்கித் தொப்பிக்குக் கீழே எப்போதும் பாதி தூங்குகிற மாதிரி கண்கள். அந்தக் கண்கள் இப்போது ஒரு வெல்லத் தட்டின் மேல் இருந்தன. ஒரு பெண்பிள்ளை பின்கட்டில் துடித்துக்கொண்டிருக்கும்போது மனிதர் வெல்லத்தை ஆராய்ந்துகொண்டிருக்கிறாரே என்று பஞ்சாட்சரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். பாண்டி பஜாரில் இருக்கும் இந்தக் கடை, மரகதம் ஸ்டோர்ஸ் கம்பெனியின் நான்காவது கடை. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, அடையாறு என்று ஏற்கெனவே மூன்று உண்டு. அந்த மூன்றிலும் மேஜைப் பலகைக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்பார். நாம் துவரம்பருப்பு என்று வாய் திறந்தால் போதும், நிறுத்துப் பொட்டலம் மடித்து நூல் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார். பாண்டி பஜார் கடையில் அந்த ஆளே கிடையாது. வாசலில் ஒரு பிரம்புக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். மயிலாப்பூர் கிடங்கில் கட்டி, கைவண்டியில் வந்து இறங்கிய பொட்டலங்கள் அலமாரிகளில் வரிசையாக இருக்கும். வேண்டியதை நாமே எடுத்து வந்து கல்லாவில் காட்டிப் பணம் கட்டினால் முடிந்தது. சீமையில் இப்படித்தானாம். யுத்தம் முடிந்த கையோடு ஏதோ பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு, முதலாளி திருவேங்கட முதலியாரின் மகள் நீரஜா அப்பாவை நச்சரித்து, ரேஷன் தளர்ந்ததும் திறந்த கடை இது. பி.ஏ. படித்த பெண், கல்லாவிலும் தானே உட்கார்ந்தாள்.

முதல் வாரம் சனங்கள் வாசலோடு நின்றார்கள். "எடுத்துக் குடுக்க ஒரு ஆள் இல்லியா? நாமளே கைய வெச்சா திருட்டு மாதிரி இல்ல?" என்று கூச்சப்பட்டார்கள். கூச்சம் தெளிந்த பிறகு கூட்டம் மொய்த்தது. கூட்டத்தோடு கூடவே நஷ்டமும் வந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் வலைத்துணி மட்டும் போர்த்தித் தட்டுகளில் வைத்திருந்த வெல்லம், கல்கண்டு, பொட்டுக்கடலை, உலர்ந்த திராட்சை எல்லாம் பில் போட்டதைவிட அதிகமாகக் குறைந்தன. தினமும் குறைந்தன.

முதலியார் யோசித்தார். கடையைப் பெருக்கித் துடைக்கிறவள் பாஞ்சாலி. அடையாற்றங்கரைக் குடிசை. வீட்டில் நாலு குழந்தைகள். குழந்தை தின்னும் பண்டமாகவே காணாமல் போகிறது. அவருக்கு அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அன்று காலை, கடை நிறைய வாடிக்கைக்காரர்கள் இருக்கும்போதே அவளை நடுவில் நிறுத்திப் புடவையை உதறச் சொன்னார். ஒன்றும் விழவில்லை. விழாததே அவள் கைதேர்ந்தவள் என்பதற்கு அத்தாட்சி என்று முடிவு கட்டி, போலீசுக்கு டெலிபோன் செய்துவிட்டார். விளக்கு வைத்ததும் வருவதாக இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். நீரஜா அப்பாவுக்குத் தெரியாமல் ரஹ்மானுக்கு டெலிபோன் செய்தாள்.

"சாயபு, வெல்லத்தப் பாத்தது போதும்," என்றார் முதலியார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு அலமாரிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். "எம் பொண்ணு கூப்ட்டாளேன்னு மரியாதைக்கி உங்கள உள்ள உட்டேன். சாயந்திரம் வரிக்கும்தான் டயம்."

"ஒரு சந்தேகம் முதலியாரே. மேல அலமாரியில குங்குமப்பூ டப்பி இருக்கு. இடுப்பில சொருகினா தெரியாது. சீமை சோப்பு இருக்கு. அதெல்லாம் குறையுதா?"

"இல்ல."

"அரிசி, பருப்பு?"

"இல்லீங்க. கொழந்தைக்கித் தின்பண்டந்தானே வேணும்?"

"நாலு குழந்தைக்கு அள்ளுறவ ஒரே அள்ளா அள்ளுவா. இங்க எறும்பு இழுக்கிற மாதிரி இல்ல போகுது?" ரஹ்மான் நீரஜாவைப் பார்த்தார். "குறையாத நாள்னு ஒண்ணு உண்டாம்மா?"

நீரஜா சட்டென்று நிமிர்ந்தாள். "உண்டு. போன மாசம் அடைமழை பெஞ்சுதே, அன்னிக்கு. ரோட்டுல முழங்கால் தண்ணி. ஒரு ஈ காக்கா கடைக்கு வரலை. நானும் பாஞ்சாலியும்தான் நாள் பூரா இருந்தோம். அன்னிக்கு மட்டும் துளி குறையல."

"அப்புறம் இன்னா பாய்!" என்று பஞ்சாட்சரம் துள்ளினான். "கேஸ் முடிஞ்சிது. வாங்க, சாப்ட்டுப் போலாம்."

"எங்க முடிஞ்சிது?" முதலியார் தடியால் தரையைத் தட்டினார். "யாரும் இல்லாத நாள்ல எடுத்தா தன் மேலதான் பழி வரும்னு அவளுக்குத் தெரியாதா? கூட்டத்துல எடுத்தாத்தான் மறையும். கெட்டிக்காரி."

கிழவரின் பேச்சிலும் ஒரு நியாயம் இருந்து தொலைத்தது. பின்கட்டிலிருந்து பாஞ்சாலியின் இருமல் கேட்டது. விளக்கு வைக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பஞ்சாட்சரம் வாசல் வெயிலைப் பார்த்தான். வெயில் எதிர்க் கடையின் பெயர்ப் பலகையைத் தொட்டுவிட்டது.

"பஞ்சு, ஒரு கூடையை எடுத்துக்க," என்றார் ரஹ்மான். "கூட்டத்தோட கூட்டமா சுத்து. டிராம்ல டிக்கெட் வாங்காதவனப் பிடிப்பியே, அந்த மூஞ்சி இங்க இருக்கான்னு பாரு."

இந்த ஒரு வித்தையில் பஞ்சாட்சரத்தை மிஞ்ச ஆள் கிடையாது. டிராம் கண்டக்டராக இருந்து, பிரயாணிகளோடு வாய் ஓயாமல் பேசிப் பேசியே வேலையைத் தொலைத்தவன் அவன். ஆனாலும் டிக்கெட் வாங்காத முகத்தை வண்டியில் கால் வைக்கும்போதே கண்டுகொள்வான். ஒன்று, ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்க்கும். இல்லாவிட்டால், கண்டக்டரைப் பார்த்து வேண்டாத சிரிப்புச் சிரிக்கும்.

கூடையை மாட்டிக்கொண்டு சுற்றினான். மைசூர்ப் பாக்கு நிறப் புடவை, மடிசார், காலேஜ் பெண்கள், வக்கீல் வீட்டுச் சமையற்காரர் என்று எல்லா முகத்தையும் பார்த்தான். எல்லாமே டிக்கெட் வாங்கின முகங்கள். அலுத்துப் போய்க் கல்லாப் பக்கம் திரும்பினபோதுதான் அது நடந்தது. ஐம்பது வயதிருக்கும், வைரத்தோடும் மூக்குத்தியுமாக ஒரு மயிலாப்பூர் அம்மாள். பணத்தைக் கட்டிவிட்டு மீதியை வாங்கிச் சுருக்குப் பையில் போட்டாள். சாமான் பையைத் தூக்கினாள். போகிற போக்கில் வலைத்துணியை விலக்கி ஒரு வெல்ல அச்சை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாசலில் தெரிந்தவளைப் பார்த்து "என்னடி, ஊர்லேர்ந்து வந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே வெளியே போனாள். நீரஜா குனிந்து அடுத்தவர் பில்லை எழுதிக்கொண்டிருந்தாள்.

பஞ்சாட்சரம் பறந்து வந்து ரஹ்மானின் சட்டைக் கையைப் பிடித்தான். "பாய், ஆப்ட்டாங்க! வைரத்தோடு! வெல்லத்த அடிச்சிக்கினு போறாங்க!"

"நானும் பார்த்தேன். முகம் எப்படி?"

"அத்தத்தான் சொல்ல வந்தேன். கையி திருடுது, மூஞ்சி டிக்கெட் வாங்கிக்கினு கீது. பக்கத்துல திரும்பிக்கூட பாக்கல. இம்மாம் பெரிய கேடிய நான் பாத்ததே இல்ல, பாய். புடிக்கலாம் வாங்க."

"பிடிக்க வேணாம். பின்னாலேயே போவோம்."

"எதுக்கு? வெல்லம் எந்த ஊருக்குப் போவுதுன்னு பாக்கவா?"

ரஹ்மான் அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டார். அவர் நடக்கும்போது பஞ்சாட்சரம் ஓட வேண்டியிருந்தது.

அம்மாள் பனகல் பார்க் முனையில் மயிலாப்பூர் பஸ் ஏறினாள். இவர்களும் ஏறினார்கள். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூச்சு வாங்கி, முக்கி முனகி நகர்ந்தது. பஞ்சாட்சரத்துக்கு இறங்கித் தள்ளலாமா என்றிருந்தது. வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. அவன் மனம் பாண்டி பஜார்க் கோணிச் சாக்கிலேயே கிடந்தது. ஒரு முறை ஸ்டேஷனுக்குப் போய் வந்த பெண்பிள்ளைக்கு இந்த ஊரில் வேறு எவன் வேலை கொடுப்பான்? அவள் உள்ளே இருந்தால் அந்தக் கைக்குழந்தைக்கு யார் பால் கொடுப்பார்கள்? நினைக்க நினைக்க அவனுக்கு முன் சீட்டு வைரத்தோட்டின் மேல் ஆத்திரம் பொங்கியது.

"பாய், இந்தம்மா பாஞ்சாலிக்குக் கூட்டாளியா இருக்குமோ?"

"வைரத்தோடு போட்டுக்கிட்டு வெல்ல அச்சுல பங்கு கேக்குற கூட்டாளியா?"

"பணக்காரங்க புத்தி உங்களுக்குத் தெரியாது. டிராம்ல அரையணாவுக்கு அவுங்கதான் சண்ட போடுவாங்க."

தெற்கு மாட வீதி முனையில் அம்மாள் இறங்கினாள். வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஒரு கடைக்குள் நுழைந்தாள். பெயர்ப் பலகையைப் பார்த்ததும் பஞ்சாட்சரத்தின் வாய் பிளந்தது. மரகதம் ஸ்டோர்ஸ்! கம்பெனியின் முதல் கடை, தாய்க் கடை.

"பாத்தீங்களா பாய்! அங்க சுட்டத இங்க விக்கிறாங்க! முதலாளி சரக்க முதலாளிக்கே! ஆகா, மூளைன்னா இது மூளை!"

"கொஞ்சம் சும்மா இரு."

இந்தக் கடையில் எல்லாம் பழைய முறைதான். பெரிய தராசு, கூரையிலிருந்து தொங்கும் நூற்கண்டு, பலகைக்குப் பின்னால் சேட்டு என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு நரைத்த மீசைக்காரர். அம்மாளைக் கண்டதும் சேட்டு கும்பிட்டார்.

"வாங்கம்மா. தியாகராய நகர்ப் பக்கம் போயிருந்தீங்களா?"

"பொண்ணாத்துக்குப் போயிட்டு வரேன். அங்கயே உங்க புதுக் கடையில எல்லாம் வாங்கிண்டேன். பெருங்காயம் மட்டும் வாங்கலை. பொட்டலத்துக்குள்ள அடைச்சு வெச்சா எப்படி மோந்து பாக்கறது? ரெண்டு கட்டி எடு. பழசா இருந்தா மூஞ்சியில விட்டெறிவேன்."

சேட்டு பெருங்காயக் கட்டியை நீட்டினார். அம்மாள் மோந்தாள், முகம் சுளித்தாள், வேறொன்றை மோந்தாள், தலையாட்டினாள். சேட்டு பொட்டலம் கட்டினார். அவள் பணம் கொடுத்தாள். பொட்டலம் பைக்குள் போயிற்று. ஆனால் அவள் நகரவில்லை. எதிரே சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி கையை மட்டும் பலகை மேல் விரித்து வைத்தாள். சேட்டும் அடுத்த வாடிக்கைக்காரரிடம் பேசிக்கொண்டே, பார்க்காமலே பின்னால் கை நீட்டி எதையோ எடுத்து அந்தக் கையில் போட்டார். கை மூடிக்கொண்டது. அம்மாள் போய்விட்டாள்.

ரஹ்மானின் பாதித் தூக்கக் கண்கள் முழுசாகத் திறந்திருந்தன. "பார்த்தியா?"

"பாத்தேன். பெருங்காயம் வாங்குனாங்க."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் போய்க்கினே கீறாங்க! ஓடலாம் வாங்க!"

"அந்தம்மாவால இனி நமக்கு வேலை இல்ல." ரஹ்மான் பலகையருகே போனார். "பெரியவரே, இப்ப அந்தம்மா கையில ஒண்ணு போட்டீங்களே. போடாம விட்டா என்ன ஆகும்?"

சேட்டு இவரைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இன்னா சாயபு, கட ஏறுறதே புச்சா? போடலேன்னா அந்தம்மா இங்கியே நின்னுக்கினு இருப்பாங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் வர மாட்டாங்க."

"எல்லாருக்கும் உண்டா?"

"வாங்குற அல்லாருக்கும் உண்டு. எங்க மொதலியார் கத்துக் குடுத்த தொழில் அது."

ரஹ்மான் வாய்விட்டுச் சிரித்தார். பஞ்சாட்சரத்துக்கு அழுகையே வந்துவிட்டது. கேடி கைநழுவிப் போகிறாள், பொழுது சாய்கிறது, இவர் கடைக்காரரோடு சிரிக்கிறார்!

"பாய், எனக்கு ஒண்ணியும் புரியல. சொல்லித் தொலைங்க."

"சொன்னா நீ பஸ் முழுக்கச் சொல்லிக்கிட்டு வருவே. வா, விளக்கு வெச்சிடப் போறாங்க."

அவர்கள் திரும்பி வந்தபோது பாண்டி பஜாரில் சாயங்காலக் கூட்டம் நெரிந்தது. கடைக்குள் பெண்கள் கூடையும் கையுமாக முட்டிக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் இன்னும் வரவில்லை. முதலியார் பின்கட்டு வாசலில் காவல் காப்பது போல நின்றார். பாஞ்சாலியின் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் பஞ்சாட்சரத்தின் வாயிலிருந்த கிண்டலெல்லாம் வற்றிப் போயிற்று.

"ஊர் சுத்தி வந்தாச்சா?" என்றார் முதலியார். "திருடன் கெடச்சானா?"

"கிடைச்சாச்சு. இங்கதான் இருக்கார். அதுக்கு முன்னால நான் கொஞ்சம் சாமான் வாங்கணும். வீட்ல சொல்லியிருக்காங்க." ரஹ்மான் நிதானமாக ஒரு கூடையை எடுத்தார்.

முதலியார் பல்லைக் கடித்தார். பஞ்சாட்சரமும் கடித்தான். ரஹ்மானோ துவரம்பருப்புப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு அழகாக் கட்டியிருக்காங்க! முதலியாரே, நீங்க இந்த வியாபாரத்த ஆரம்பிச்சபோது இப்படித்தான் இருந்துதா?"

"இப்டியா?" கிழவரின் தடி நின்றது. "மயிலாப்பூர் கொளத்தங்கரையில ஒரே ஒரு பலகை, சாயபு. மேல ஒரு கீத்து. எதிர்ல ரெண்டு பெரிய கடை. அவுங்ககிட்ட இல்லாத சரக்கு எங்கிட்ட ஒண்ணும் கிடையாது."

"அப்புறம் எப்படி ஜெயிச்சீங்க?" ரஹ்மான் கூடையைக் கல்லாவில் வைத்தார். நீரஜா பில் எழுதினாள். அவர் பணத்தை எண்ணி வைத்தார்.

"எப்டி ஜெயிச்சேனா!" முதலியாரின் குரலில் நாள் முழுக்க இல்லாத ஒரு தெம்பு வந்தது. பொட்டலங்களைத் தானே வாங்கி ரஹ்மானின் பையில் அடுக்கத் தொடங்கினார். முப்பது வருஷப் பழக்கம், அந்தக் கைகள் தாமாக வேலை செய்தன. "எதிர்க் கடைக்காரன் நிறுவையில கெட்டி. நான் கையில தாராளம். அறுபத்துமூவர் உற்சவத்துல ஊரே கூடும். கொழந்தைய இடுப்புல வெச்சிக்கினு வர்றவள வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். யுத்தத்துல சர்க்கரைக்கி அவனவன் பதுக்கி வெச்சி வித்தான். நான் பதுக்கல. இருக்கிறதுல ஒரு கிள்ளு எல்லாருக்கும் குடுத்தேன். அந்தக் கைராசிதான் சாயபு, ஒரு பலக நாலு கடையாச்சி." சொல்லிக்கொண்டே வலைத்துணியை விலக்கி, ஒரு வெல்ல அச்சை எடுத்துப் பையின் மேலாக வைத்து, பையை ரஹ்மானிடம் நீட்டினார்.

ரஹ்மான் பையை வாங்கவில்லை. "இந்த வெல்லத்துக்கு பில் போடலையே?"

"அதுக்கெதுக்கு பில்? அது கொசு..."

பாதிச் சொல்லில் முதலியாரின் வாய் நின்றுவிட்டது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. நீரஜா பேனாவைக் கீழே வைத்தாள்.

"சொல்லுங்க," என்றார் ரஹ்மான்.

"கொசுறு," என்றார் முதலியார், யாரோ அவர் கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைத்தது போல.

"ஆமா. கொசுறு. முப்பது வருஷமா மெட்ராஸ்ல பாதிப் பேர நீங்க பழக்கி வெச்சிருக்கீங்க. சாமான் வாங்கினா மேல ஒரு துண்டு வெல்லம், ஒரு கை பொட்டுக்கடலை, அது நம்ம பாத்தியதைன்னு. இந்தக் கடையில எடுத்துக் குடுக்க ஆள் கிடையாது. எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்குங்கன்னு சொன்னீங்க. அவங்க கொசுறையும் தாங்களே எடுத்துக்கிட்டாங்க. திருடுறோம்னு ஒருத்தருக்கும் நினைப்பே இல்ல. அதான் பஞ்சுவோட கண்ணுக்குத் திருட்டு முகமே தட்டுப்படல. யாரும் வராத மழை நாள்ல துளி குறையாததும் அதனாலதான்."

அந்த நேரம் பார்த்து ஒரு காலேஜ் பெண், பணம் கட்டிவிட்டு, தோழியோடு எதற்கோ சிரித்தபடி இரண்டு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனாள். முதலியார் அதைக் கண்ணாலேயே பார்த்தார்.

"அப்பா, எனக்கு இது தோணவே இல்லையே," என்றாள் நீரஜா. "அவளைப் போய்..."

முதலியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பின்கட்டுக்குப் போய், பாஞ்சாலியின் முகத்தைப் பார்க்காமல், "சரி, நீ வீட்டுக்குப் போம்மா. நாளைக்கி வேலைக்கி வா. இன்ஸ்பெக்டருக்கு நான் சொல்லிக்கிறேன்," என்றார்.

நாள் பூரா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது எழுந்திருக்கவில்லை.

"போன்னு சொல்றேனே."

"காலம்பற இந்தக் கடை நடுவுல நிக்க வெச்சி பொடவய ஒதறச் சொன்னீங்க," என்றாள் பாஞ்சாலி. "அல்லாரும் பாத்தாங்க. நான் திருடலன்னு அல்லாரு எதிர்லயும் சொல்லுங்க. அப்பத்தான் போவேன்."

"நாளைக்கிச் சொல்றேன்."

"என் புள்ள பசில கத்திக்கினு கீது, மொதலியாரே. நான் இங்கதான் குந்திக்கினு கீறேன். எனக்கு இன்னிக்கே சொல்லணும்."

முதலியார் ரஹ்மானைத் தனியே இழுத்தார். "சாயபு, எப்டிச் சொல்றது? அவ எடுக்கலன்னா யார் எடுத்தாங்கன்னு கேப்பாங்க. நீங்கதான் எடுத்தீங்கன்னு வாடிக்கைக்காரங்க மூஞ்சியில சொல்ல முடியுமா? ஜட்ஜி வூட்டம்மா, வக்கீல் வூட்டம்மா எல்லாரையும் திருடின்னு சொன்னதா ஆகும். நாளைக்கி நாலு கடையையும் இழுத்து மூட வேண்டியதுதான்."

"ஆளைக் கண்டுபிடிக்கிறது என் வேலை. அது முடிஞ்சுது."

"வேற ஒரு வழி சொல்லுங்க."

"பேமானி," என்று பஞ்சாட்சரத்தின் வாயிலிருந்து வந்துவிட்டது. யாரைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. அவனுக்கு ஒரே தவிப்பு. இந்தக் கிழவர் கழுத்தைப் பிடித்துக் கொண்டுபோய்க் கூட்டத்தின் நடுவில் நிறுத்தலாமா என்றுகூட நினைத்தான்.

அதற்கு வேலை இருக்கவில்லை. முதலியார் தானே போனார். கல்லாவுக்கு முன்னால் நின்று, தடியால் தரையை ஓங்கித் தட்டினார். கூடைகள் நின்றன. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. இந்தக் கடையில தினமும் வெல்லமும் கல்கண்டும் கணக்கில்லாமப் போச்சி. காலையில இங்க பெருக்குற பாஞ்சாலிய கடை நிறைய ஆளுங்க எதிர்ல நிக்க வெச்சி, புடவைய உதறச் சொன்னேன். அவ எடுக்கல." மூச்சு வாங்கினார். "அத எடுத்த கை இந்தக் கைதான்." வலது கையைத் தூக்கிக் காட்டினார். "முப்பது வருஷமா பில் இல்லாமத் தந்து பழகின கை. ஊருக்கும் அதையே பழக்கிச்சி. தப்பு என்னோடது. அவ ஒரு குந்துமணி எடுக்கல."

சுருக்குப் பையை இறுக்கிக்கொண்ட ஒரு அம்மாளின் முகம் முதலில் சிவந்தது. இன்னொருத்தி, வாயில் மென்றுகொண்டிருந்ததை அப்படியே நிறுத்திக்கொண்டாள். பின்னாலிருந்து யாரோ ஒருத்தி, "அப்போ இனிமே கொசுறு உண்டா, இல்லையா?" என்று கேட்டாள். பக்கத்திலிருந்தவள் அவள் முழங்கையில் இடித்தாள்.

பாஞ்சாலி எழுந்து வெளியே வந்தாள். கூட்டம் அவளையே பார்த்தது. முதலியார் அவசரமாக ஒரு பெரிய வெல்லக் கட்டியைக் காகிதத்தில் சுற்றி அவள் கையில் திணிக்கப் போனார். "புள்ளைங்களுக்கு எடுத்துக்கினு போம்மா. இத்தன நாள் எங்கிட்ட வேல செய்யுற, ஒரு நாளும் நீ கொசுறு கேட்டதில்ல."

"கால் அணாவுக்கு சாமான் வாங்குறவளுக்கு எந்தக் கடைல கொசுறு குடுக்குறாங்க? எனக்கு அந்தப் பழக்கம் கெடையாது," என்றாள் பாஞ்சாலி. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதிலிருந்த காசைக் கல்லாவில் நீரஜாவின் முன்னால் வைத்தாள். "இத்தினிக்கி எவ்ளோ வருமோ அவ்ளோ குடு கண்ணு. பில்லு போட்டுக் குடு."

நீரஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். எழுத்துக் கோணிக்கொண்டு போயிற்று. முதலியார் பெரிய கட்டியைத் திருப்பித் தட்டில் வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார்.

பாஞ்சாலி ஒரு கையில் சின்னப் பொட்டலத்தையும் மறு கையில் பில்லையும் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் எல்லார் கண்ணிலும் படும்படி பில்லை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே நடந்தாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். வாசலைத் தாண்டியதும் அவள் ஆற்றங்கரையை நோக்கி ஓடத் தொடங்கினாள்.